கொலுவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட மழை உறைகள்

ஆர்.கே.புரம், புது தில்லி.
28 செப்டம்பர் 2025, ஞாயிறு, காலை 11.40 மணி.
கையிருப்பு: பதினேழு. இருக்க வேண்டியது: அறுபது.

அன்புள்ள ராமு அத்திம்பேருக்கு, சந்துருவின் நமஸ்காரங்கள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கச் சொல்கிறாள் அம்மா. அது உண்மையில்லை. அம்மா சௌக்கியம். அப்பா பரம சௌக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். நான் சௌக்கியமாக இல்லை. இதைப் படித்து முடித்ததும் நீங்களும் இருக்க மாட்டீர்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் கூப்பிட்டால் சிக்னல் நன்றாக இருக்கும்போதே "சிக்னல் இல்லைடா" என்கிறீர்கள். வாட்ஸாப்பில் எதை அனுப்பினாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். போன புதன்கிழமை "பெட்டிகளை எடுக்க முடியவில்லை, பெரிய சிக்கல்" என்று அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல். அதனால்தான் மின்னஞ்சலில் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். அக்காவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அப்போதாவது நடுவில் எழுந்து போக மாட்டீர்கள்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள் சென்னையிலிருந்து தில்லியில் வந்து இறங்கி, வெள்ளிக்கிழமை டேராடூனிலிருந்து உங்களோடு மலையேறப் போகிற அறுபது பெண்களின் முதுகுப்பைகளுக்கு நீங்கள் என்னிடம் கேட்டிருந்த அறுபது மழை உறைகள் வராது. பதினேழுதான் இருக்கின்றன. மீதி எங்கே என்று எனக்குத் தெரியும், யார் வீட்டில் என்றுகூடத் தெரியும், ஆனால் எடுக்க முடியாது. அப்பா ஜூன் மாதமே தீர்ப்பு எழுதிவிட்டார்: "முதல் ஆர்டர் சொன்ன தேதிக்குப் போச்சுன்னா உன் இஷ்டம், நான் வாயே திறக்கமாட்டேன். போகலேன்னா அக்டோபர் ஆறாம் தேதி சமர்த்தா அந்தப் பொதுத்துறை வேலையில சேரு." ஆகவே ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ட்ரெய்னி. கடையை மூடிவிட்டேன். அப்பா பரம சௌக்கியமாக இருப்பதற்குக் காரணம் புரிந்திருக்கும்.

இது எப்படி நடந்தது என்பதை ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டீர்கள். "புதுத் துணி வாங்கித் தைக்க ஊர் பூரா ஆள் இருக்கான். வேண்டாம்னு தூக்கிப் போட்ட துணியிலதானே பண்றேன்னு நீ பெருமை அடிச்சுக்கறே? அதுலயே பண்ணு." நியாயமான நிபந்தனை. டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்துவிட்டு நான் ஆரம்பித்த தொழிலே அதுதான். ஓட்டைக் குடைகளைப் பிரித்துத் தண்ணீர் புகாத பை தைத்திருக்கிறேன். கிழிந்த பட்டுப்புடவைகளை மலையில் தூங்குகிற பைக்கு உள்ளுறையாகத் தைத்திருக்கிறேன். ஆனால் மழை உறைக்கு எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் துணி வேண்டும், நெருக்கமான நெசவு வேண்டும், பாலியஸ்டராக இருக்க வேண்டும், அறுபதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். குப்பையில் ஒரே அளவில் எதுவும் கிடைக்காது, குப்பையின் லட்சணமே அதுதான். ஒரு மாதம் தேடிக் களைத்துப்போய், வேறு எதற்கோ அம்மாவின் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டு முழுக்க பிளவுஸ் பிட். எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர், எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர், எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அம்மா, இதெல்லாம் யாரோடது?"

"யாரோடதும் இல்லைடா. வெச்சுக் குடுக்கறது."

"நீ தைச்சுக்கப் போறியா?"

"இதையா? வேர்வையே குடிக்காது, அரிச்சுக் கொல்லும். அந்தக் கலரைப் பாரு, யார் தைச்சுப்பா?"

"அப்புறம் எதுக்கு வாங்கினே?"

"நான் எங்கே வாங்கினேன்? கீழாத்து சியாமளா மாமி குடுத்தா. அவளுக்கு யாரோ குடுத்திருப்பா."

"நீ?"

"நான் வேற யாருக்காவது குடுப்பேன். எடுத்த எடத்துல வை."

வேர்வையைக் குடிக்காத துணி மழையையும் குடிக்காது என்பது எனக்கு உடனே புரிந்தது. மீதி எதுவும் புரியவில்லை. நவராத்திரியில் கொலு பார்க்க வருகிற பெண்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிற இந்த பிட்டை வாங்கிக்கொள்கிறவள் தைத்துக்கொள்வதில்லை, அடுத்தவளுக்கு வைத்துக் கொடுக்கிறாள். அவளும் தைத்துக்கொள்வதில்லை. ஒரு அரக்குக் கலர் பிட்டின் ஓரத்தில் வரிசையாகப் பதினொரு மஞ்சள் பொட்டு, கொடுக்கிற ஒவ்வொருத்தியும் மங்களத்துக்கு ஒரு தீற்று தீற்றியிருக்கிறாள். அந்தத் துணி மிஷினையே பார்க்காமல் பதினொரு வீடு பார்த்திருக்கிறது. நான் படித்த படிப்பில் இதற்கு ஒரே ஒரு பெயர்தான்: தேங்கிப்போன சரக்கு. கழித்துக் கட்டிய துணி. அம்மாவிடம் சொன்னேன். "கழிச்சுக் கட்டினது யாருடா? யாரும் தைச்சுக்கலை, அவ்வளவுதானே" என்றாள். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு எங்கே பொறுமை?

செக்டர் மாமிகளின் வாட்ஸாப் குழுவில் அம்மாவின் போனிலிருந்து நானே ஒரு செய்தி போட்டேன்: தைக்காத பிளவுஸ் பிட் இருந்தால் கொடுங்கள், மலையேறுகிறவர்களுக்குப் பயன்படும். சியாமளா மாமி ஒரு பெட்ஷீட்டில் மூட்டை கட்டிக் கொடுத்தாள். "எல்லாத்தையும் எடுத்துண்டு போடா கண்ணா, அலமாரி கொஞ்சம் மூச்சு விடட்டும்." நாலாவது மாடி மாமி மாடியிலிருந்து கீழே போட்டாள். கரோல் பாகிலிருந்து ஒரு மாமி மெட்ரோவில் வந்து கொடுத்துவிட்டு, ரசீது கேட்பேனோ என்று பயந்தவள் போல ஜல்தி ஜல்தியாகத் திரும்பிப் போனாள். யாருமே ஒரு பிட்டைக்கூட வீட்டில் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. அதில் நூற்றைம்பத்திரண்டை இயந்திரத்தில் மாட்டிக் கிழித்துப் பார்த்தேன். இதைக் கேட்டு அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், ஆனால் கிழிக்காமல் கிழியாது என்று எப்படித் தெரியும்? ரகத்துக்கு ரகம் சோதித்து, தேறிய ரகத்தில் மிஞ்சியது சரியாக அறுபது.

பிறகு பூச்சு. சிலிக்கோனை டர்பென்டைனில் கரைத்து ஒரு வாளியில் வைத்து, துணியை முக்கி, மொட்டை மாடியில் காயவைப்பது. காயவைக்க வரிசையாகக் கம்பி வைத்த தாங்கி வேண்டுமே என்று பரணில் தேடினேன். நம் வீட்டு இரும்புக் கொலுப்படி இருந்தது. அதைவிட நல்ல தாங்கி உலகத்தில் கிடையாது. ஆகஸ்ட் எட்டாம் தேதி அந்த வாளியை பாத்ரூமில் வைத்துவிட்டுத் தூரிகை வாங்கப் போனேன். அப்பாவுக்கு மறுநாள் ஆவணி அவிட்டம். தன் பஞ்சகச்ச வேஷ்டியைத் தானே அலசிக்கொள்வார் என்பது உங்களுக்குத் தெரியும். மூக்கு வேலை செய்வதில்லை என்பதும் தெரியும், இந்த ஊர்க் காற்றின் உபயம். வாளியில் இருந்ததைத் தண்ணீர் என்று நினைத்து நாலு முறை அலசி உதறிக் காயப்போட்டுவிட்டார். மறுநாள் பூணூல் மாற்றப் போன இடத்தில் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டால், வேஷ்டியிலிருந்து முத்து முத்தாக உருண்டு தரையில் விழுகிறதாம். சாஸ்திரிகள் குனிந்து பார்த்தாராம்.

"என்ன பட்டாபி, நனையவே மாட்டேங்கறதே?"

"அலசித்தான் கட்டிண்டேன்."

"நனையாத வஸ்திரம் எப்படிங்காணும் மடியாகும்?"

பக்கத்திலிருந்தவர், "நனையலேன்னா தீட்டும் ஒட்டாதே, அப்ப எப்பவுமே மடிதானே?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு கட்சியாகிவிட்டது. அரைமணி நேரம் விவாதம். கடைசியில் அப்பா வேறொருவரின் துண்டைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து ஜபம் பண்ணினார். வீட்டுக்கு வந்து நேராகக் காலண்டரில் அக்டோபர் ஆறைச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். பூச்சின் தரம் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

தைப்பதற்கு முகமதுபூர் மாஸ்டர்ஜியிடம் போனேன். அவர் முப்பது வருஷமாக பிளவுஸ் தைக்கிறவர். துணியைத் தடவிப் பார்த்து "நாப்?" என்றார், அளவு எங்கே என்று. பையைக் கொடுத்தேன். பையைச் சுற்றி டேப் வைத்துப் பார்த்தவர் மறுபடியும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். யாரோ ஒரு மேடத்தின் மேல் பரிதாபப்பட்டார் என்று நினைக்கிறேன். வரைபடம் போட்டு, எலாஸ்டிக் எங்கே, இழுகயிறு எங்கே என்று காட்டி, "சமஜ் கயே?", புரிந்ததா என்று மூன்று முறை கேட்டேன். அச்சா, அச்சா, அச்சா என்றார். பத்து நாள் கழித்துப் போனால் அறுபதும் தயார். தையல் பிரமாதம். ஆனால் ஒவ்வொரு உறையிலும் இழுகயிற்றின் முனையில், பிளவுஸின் முதுகில் தொங்குமே, அந்த மாதிரி ஜரிகைக் குஞ்சலம் இரண்டு. "ஏ க்யா ஹை, பையா?" என்றேன், இது என்ன என்று. "டிசைன்" என்றார். மழையில், பனியில், பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் எதற்குக் குஞ்சலம் என்று அரை மணி நேரம் கத்தினேன். வெட்ட மாட்டேன் என்றுவிட்டார், வெட்டினால் மொட்டையாக இருக்குமாம். சரி, உங்கள் ஆட்களுக்கு ஒருவரையொருவர் பனிமூட்டத்தில் தேட உதவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பத்துப் பத்தாக மடித்து ஆறு நீள அட்டைப்பெட்டிகளில் அடைத்து முன்னறையில் வைத்தேன். செப்டம்பர் இருபதாம் தேதி லூதியானாவுக்குக் கொக்கி, ஜிப் எல்லாம் பார்க்கப் போனேன். இருபத்து நாலாம் தேதி திரும்பி வந்து அனுப்புவதாகத் திட்டம். நாள் தாராளமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் உள்ளே நுழைந்தால் வீடு முழுக்கச் சுண்டல் வாசனை, முன்னறையில் கொலு, பெட்டிகளைக் காணோம்.

"அம்மா, என் பெட்டியெல்லாம் எங்கே?"

"கண்ணு முன்னாடிதானே இருக்கு, நன்னாப் பாரு."

பார்த்தேன். மூன்று படி. ஒரு வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று அடுக்கினால் ஆறு பெட்டியில் மூன்று படி கச்சிதமாக வருகிறது. கணக்கு மிச்சமில்லாமல் வந்ததைப் பார்த்து ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அது என் சரக்கு என்று உறைத்தது. மேலே விரித்திருந்தது அப்பாவின் அந்த நனையாத வேஷ்டி. அதற்கு மேல் தசாவதாரம், கல்யாண கோஷ்டி, செட்டியார் கடை, கிரிக்கெட் டீம்.

"இரும்புப் படி என்னாச்சு?"

"நீதானே மாடியில வெச்சு அது மேல என்னத்தையோ பூசினே? கால் வெச்ச பொம்மையெல்லாம் சறுக்கி விழறது. ஆஞ்சநேயருக்குக் கதை உடைஞ்சுடுத்து. வேற எதுல வெக்கறது? அட்டைப்பெட்டி ஆறு சும்மாத்தானே கிடந்தது."

எனக்குப் பொறுமை குறைவுதான், ஆனால் மூளை குறைவில்லை. ஒவ்வொரு பெட்டியாக உருவிவிட்டு அந்த இடத்தில் செங்கல் வைக்கிறேன், ஒரு பொம்மைகூட அரை மில்லிமீட்டர் அசையாது, எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "அசையாதுடா, நீ கெட்டிக்காரன். ஆனா அம்பாள் பார்த்துண்டிருப்பாளே" என்றாள் அம்மா. அப்பாவிடம் முறையிட்டேன். செய்தித்தாளை இறக்காமலே, "விஜயதசமி வரைக்கும் ஸ்டேட்டஸ் கோ" என்றார். முப்பத்து மூன்று வருஷம் மத்திய சர்க்காரில் இருந்தவர், அந்த இரண்டு வார்த்தையை அவ்வளவு ருசித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, விஜயதசமி வியாழக்கிழமை. அன்று ராத்திரி ஒரு பொம்மையைச் சம்பிரதாயத்துக்குப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது. அந்த நிமிஷமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கஷ்மீரி கேட்டுக்கு ஓடி டேராடூன் பஸ்ஸைப் பிடித்தால், வெள்ளிக்கிழமை விடிவதற்குள் உங்கள் வாசலில் நிற்பேன் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் உங்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். கட்டைவிரல் காட்டினீர்கள்.

நேற்று சாயங்காலம் முன்னறையில் ஏழு மாமிகள். சியாமளா மாமி பாடிக்கொண்டிருந்தாள், பல்லவியை விட்டு நகர மனமில்லாமல் அதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மேல்படியில் செட்டியார் மெல்ல இடப்பக்கம் திரும்பினார். பாட்டு பிடிக்காமல் எழுந்து போகிறார் போலிருந்தது. அடுத்த நொடி அரிசி, பருப்பு, வெல்லம், செட்டியாரம்மா சகிதம் அந்த வேஷ்டியில் சறுக்கிக்கொண்டு வந்து மாமியின் மடியில் உட்கார்ந்தார். மாமி நல்ல தாளக்காரி, விடாமல் அனுபல்லவிக்குப் போய்விட்டாள். நான் பின்பக்கம் போய்ப் பெட்டியைத் தொட்டேன். உள்ளே போய்விட்டது கை. பத்து உறை இருக்க வேண்டிய பெட்டியில் காற்று. அடுத்த பெட்டியிலும் காற்று. எல்லாம் பின்பக்கமாகப் பிரித்து எடுக்கப்பட்டிருந்தது, முன்பக்கம் அழகு கெடாமல். மொத்தம் பதினேழு.

சமையலறையில் அம்மா ஒன்றும் மறைக்கவில்லை. மறைக்கிற மாதிரி எதுவும் நடந்ததாகவே அவள் நினைக்கவில்லை.

"முதல் நாள் சியாமளா மாமியாத்துக்குப் போனேன். வெத்தலை, பாக்கு, ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். பிட்டே இல்லை. 'என்ன பண்றது காமாக்ஷி, எல்லாத்தையும் உங்காத்துப் பிள்ளை வாங்கிண்டு போயிட்டானே'ன்னா. சிரிச்சுண்டேதான் சொன்னா. எனக்குத் தூக்கு மாட்டிக்கலாம் போல இருந்தது."

"அதுக்கு?"

"மறுநாள் அவ நம்மாத்துக்கு வந்தாளே. வெறும் வாழைப்பழத்தைக் குடுத்து அனுப்பச் சொல்றியா? பெட்டியில கைவிட்டேன். குஞ்சலமெல்லாம் வெச்சு அவ்வளவு அழகா இருந்தது. அவா பிட்டுதானேடா, அவாளுக்கே குடுத்தேன்."

"அது மலைக்குப் போறவாளோட மழை உறைம்மா!"

"இருக்கட்டுமே. மாமி அதைக் கண்ணுல ஒத்திண்டா. அப்புறம் அவ யாருக்கோ குடுத்துட்டா. அவளும் கேட்டா, இவளும் கேட்டா, வந்தவாளுக்கெல்லாம் ஒண்ணொண்ணு குடுத்தேன். இந்த வருஷம் நம்மாத்து வெத்தலை பாக்குதான் பேச்சே, தெரியுமோ?"

நேற்று ராத்திரி முழுக்க யோசித்ததில் இந்தத் தோல்வியின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், உங்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் மலையேற்றத்துக்கு வருமுன் ஐந்து வருஷம் பாலம் கட்டிய இன்ஜினியர், ரசிப்பீர்கள். மாமிகள் யாரும் எப்போதும் பிளவுஸ் பிட் வாங்கியதே இல்லை. "கடையில வாங்கிண்டா என்ன?" என்று சியாமளா மாமியைக் கேட்டேன். "பிட்டையா?" என்றாள், நான் மூச்சு விடக் காற்றைக் காசு கொடுத்து வாங்கச் சொன்ன மாதிரி. வருஷக்கணக்காக அதே பிட்டுகள்தான் செக்டருக்கு செக்டர் சுற்றியிருக்கின்றன. ஜூலை மாதம் நான் கேட்டபோது ஒவ்வொரு மாமியும் தன்னிடம் இருந்ததைக் கடைசி துண்டு வரை கொடுத்தாள். கொடுக்கும்போது ஒவ்வொருத்தியும் மனதுக்குள் நினைத்தது ஒன்றுதான்: நவராத்திரி முதல் நாள் மற்றவர்கள் வீட்டுக்குப் போனால் வந்துவிடப்போகிறது. எல்லா மாமிகளும் ஒரே நேரத்தில் மற்ற மாமிகளை நம்பிவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் ஆர்.கே.புரம் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் அலமாரி திறந்து மூடப்பட்டது. சுழற்சிப் பொருளாதாரம் என்று படம் போட்டு மேடையேறிப் பேசுகிறவன் நான். வீட்டு வாசலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சுழற்சியை, தேங்கிய சரக்கு என்று முத்திரை குத்தி, கிழித்துப் பார்த்து நிறுத்தியவனும் நான்தான்.

இப்போது உங்கள் நாற்பத்து மூன்று மழை உறைகளும் அந்தச் சுழற்சியில் இருக்கின்றன. யாரும் பிரிக்கக்கூட இல்லை. மஞ்சள் தீற்றுகிறார்கள், வைத்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்கிறேன் என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வெச்சுக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? நான் அப்புறம் இந்தக் காலனியில தலை நிமிர்ந்து நடக்கறதா வேண்டாமா?" என் தொழில் முக்கியமா, உன் வெற்றிலை பாக்கு முக்கியமா என்று நேராகக் கேட்டேன். நேராகவே பதில் சொன்னாள். உங்களுக்கு எழுத மனமில்லை.

ஆகவே, அத்திம்பேர், என்னை மன்னித்துவிடுங்கள். அறுபது பெண்களுக்கும் டேராடூன் கடைத்தெருவில் பிளாஸ்டிக் உறை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தையல் ஊசி, எலாஸ்டிக், மிச்சமிருக்கும் சிலிக்கோன் எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போடுகிறேன். துணி சம்பந்தமாக இனி என் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம்தான் பாக்கி, இண்டர்வியூவுக்குத் தைத்த சட்டையை இஸ்திரி போடுவது.

அக்காவுக்கு அன்பு. குழந்தைக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது என்பதால் அம்மா தன் பங்கையும் என் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். உங்கள் மலைக்கு மழை வராமல் இருக்கட்டும் என்று மலை மந்திர் முருகனிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். இந்தத் தொழிலில் எனக்கு மிச்சமிருக்கிற ஒரே தொழில்நுட்பம் அதுதான்.

இப்படிக்கு,
கடை மூடிய மைத்துனன்,
சந்திரசேகர்

பின்குறிப்பு, மதியம் 1.25: மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். அனுப்பு என்ற பொத்தானை அமுக்கப்போகும்போது அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாம்பார் விட்டுக்கொண்டே, "அந்த அறுபது பொண்களும் எங்கே வந்து எறங்கறா?" என்றாள்.

"நியூ டெல்லி ஸ்டேஷன்ல. செவ்வாக்கிழமை காலம்பற."

"அப்புறம்?"

"ராத்திரி வண்டியில டேராடூன்."

"நடுவுல பகல் பூரா?"

"வெயிட்டிங் ரூம்ல இருப்பா."

"நன்னாருக்கே! நவராத்திரியும் அதுவுமா அறுபது பொண்கள் ஊருக்கு வந்துட்டு வெயிட்டிங் ரூம்ல உக்காந்துண்டிருக்கறதாவது! இத்தனை ஆத்துல கொலு வெச்சிருக்கு, ஒரு ஆத்துலயாவது வெறுங்கையோட அனுப்புவாளாடா?"

அவள் உபசாரத்துக்காகத்தான் சொன்னாள். நான்தான் சாதத்தில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் கட்டாயம் ஒன்று வைத்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க இந்தக் காலனியில் இப்போது ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது. பெட்டி வேண்டாம், பஸ் வேண்டாம், விஜயதசமி வேண்டாம், நேராகப் பயனாளியின் கையில், குங்குமத்தோடு. அம்மா சியாமளா மாமிக்குப் போன் போட்டாள். கால் மணி நேரத்தில் எனக்கு ஆறு பேரை அனுப்பு, எனக்கு எட்டுப் பேரை அனுப்பு என்று மாமிகளுக்குள் தகராறே வந்துவிட்டது. ஆளுக்கு ஒருத்திதான் என்று அடக்கி வைத்திருக்கிறோம். இனி நான் செய்யப்போவது:

1. செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷனில் நிற்பேன். நீங்கள் இன்றே அவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள்: பையில் ஒரு புடவையோ சல்வாரோ மேலாக எடுத்து வைத்துக்கொள்ளட்டும். மலையேறும் கால்சட்டையோடு வந்தால் மாமிகள் தண்ணீர் கொடுப்பார்கள், வெற்றிலை பாக்குக்கு யோசிப்பார்கள். இதற்குக் கட்டைவிரல் போதாது, வார்த்தையில் பதில் வேண்டும்.

2. பதினேழு பேரை எங்கள் வீட்டில் அம்மாவிடம் ஒப்படைப்பேன். மீதி நாற்பத்து மூன்று பேரை, உறை இப்போது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்கு, ஆளுக்கு ஒரு வீடாகக் கொண்டுபோய் விடுவேன். கரோல் பாக் போகிறவர்களை மட்டும் மெட்ரோவில்.

3. பாடத் தெரிந்தவர்கள் யார் யார் என்று ஸ்டேஷனிலேயே கேட்டு வைத்துக்கொள்வேன். அக்காவும் வந்து உதவுகிறேன் என்பாள். வேண்டாம். அவள் பாட்டு உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

4. வாசலில் நின்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லி அனுப்புவேன்: கையில் வாங்கியதும் "இது எங்களுக்குத்தானே தைத்தது" என்று உளறக் கூடாது. "எவ்வளவு அழகா இருக்கு மாமி" என்று குஞ்சலத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

5. ராத்திரி ரயில் ஏறுவதற்கு முன் அறுபதையும் பைகளில் நானே மாட்டி, இழுகயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுவேன். இவர்களும் சென்னை, கோயம்புத்தூர் பெண்கள்தான். விட்டால் டேராடூன் வருவதற்குள் ரயிலிலேயே யாருக்காவது வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

6. ஆறாம் தேதி நான் வேலையில் சேரப்போவதில்லை. ஆர்டர் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தது என்று அப்பாவிடம் சொல்ல வேண்டும். அதை நான் செய்யப்போவதில்லை, நீங்கள் செய்யப்போகிறீர்கள். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.